பெண் தலைமையாசிரியர்: ஸ்டாஃப் ரூமில் ஓயாமல் வரும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு பெண் தலைமையாசிரியர் பொறுப்பேற்கும் போதெல்லாம் அதே சந்தேகங்கள் சுற்றி வருகின்றன. ஆசிரியர்கள் கேட்பவை, பெற்றோர் கேட்பவை, பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத் தயங்கும் டீச்சர்கள் கேட்பவை எல்லாம், கேட்டவர் கேட்ட மாதிரியே கீழே இருக்கின்றன. விதிகள் அரசுப் பள்ளிகளுக்கானவை. உதவிபெறும் பள்ளிகளில் நியமனம் நிர்வாகத்தின் கையில் இருப்பதால் முதல் பதிலும் பதவி உயர்வை வேண்டாம் என்பது பற்றிய பதிலும் அங்கே பொருந்தாது. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

ஹைஸ்கூல் எச்.எம். ஆக லேடீஸுக்குத் தனி கோட்டா உண்டா?

பதவி உயர்வில் கிடையாது. அரசு வேலைக்கான நேரடி நியமனத்தில்தான் பெண்களுக்கு 30 விழுக்காடு இருந்தது. அதை 40 ஆக உயர்த்துவதாக 2021இல் அரசு அறிவித்தது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணியிடம் பட்டதாரி ஆசிரியர்களின் பணிமூப்புப் பட்டியலிலிருந்து நிரப்பப்படுகிறது. மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலை ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் வருகிறார்கள். ஆகவே 'கோட்டாவில் வந்த மேடம்' என்று யாராவது சொன்னால் அவருக்கு விதி தெரியவில்லை என்று அர்த்தம். மேடம் வந்தது அதே சீனியாரிட்டியில்.

பதவி உயர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று சொன்ன தீர்ப்பு, பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் பட்டதாரி ஆசிரியர்களைக் கலக்கியிருப்பது உண்மை. அந்தக் கலக்கத்திலும் ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

போர்டுல தலைமையாசிரியர்னு போடணுமா, தலைமையாசிரியைனு போடணுமா?

பதவியின் பெயர் தலைமையாசிரியர். முத்திரை, கடிதம், பெயர்ப் பலகை எல்லாவற்றிலும் அதுவே போதும். பேச்சில் 'எச்.எம். மேடம்', 'டீச்சர்', 'அம்மா' எப்படியும் கூப்பிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முந்தைய எச்.எம்.மை 'சார்' என்ற அதே ஆள், இவரைப் பிள்ளைகள் முன்னால் பேர் சொல்லியோ 'அந்த டீச்சரம்மா' என்றோ குறிப்பிட்டால் பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

பதவி உயர்வு வந்தும் நெறைய டீச்சருங்க வேணாம்னு எழுதிக் குடுத்துடறாங்களே, ஏன்?

தகுதி இல்லாமல் இல்லை, பஸ் இல்லாமல். பணிமூப்பு மாநில அளவிலானது. கலந்தாய்வில் பட்டியலின் முன்வரிசையில் இருப்பவர்கள் ஊர்ப்பக்கத்துக் காலியிடங்களை எடுத்துக்கொள்ள, அடுத்து வருபவருக்கு மலைப்பள்ளியோ, வேறு மாவட்டமோ மிஞ்சும். வேலூரில் குடியிருப்பவருக்கு ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தைப் பக்கமோ திருப்பத்தூரின் புதூர்நாடோ கிடைத்தால், போக வர எத்தனை மணி நேரம் என்பதுதான் முதல் கணக்கு. பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் வருஷம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஆண்களும் துறப்புக் கடிதம் கொடுக்கிறார்கள். அவர் எழுதினால் 'தூரம்பா, அதான்' என்கிறோம். இவர் எழுதினால் 'பொறுப்புக்குப் பயம்' என்கிறோம். தயங்குபவருக்கு ஒரு யோசனை: கலந்தாய்வுக்கு முன்னாலேயே காலியிடப் பட்டியலை வைத்துக்கொண்டு காலை முதல் பஸ், மாலை கடைசி பஸ், பள்ளியில் எழுத்தர் இருக்கிறாரா, உதவித் தலைமையாசிரியர் யார் என்ற நான்கையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தர் இல்லாத பள்ளியில் சம்பளப் பட்டியல் முதல் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவு வரை எச்.எம். தலையில்தான் விழும். தூரத்தைவிட அதுதான் பலரை முதல் வருஷத்திலேயே ஓய்த்துவிடுகிறது.

லேடி எச்.எம். வந்தா டிசிப்ளின் போய்டும்னு சொல்லிகினு கீறாங்களே, நெசமா?

இதைச் சொல்பவர்கள் மனதில் இருப்பது பிரம்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல், மன ரீதியான தண்டனை இரண்டையும் தடை செய்கிறது. ஆண் எச்.எம். கையிலும் இன்று பிரம்பு கிடையாது. 'அவர் ஒரு உருட்டு உருட்டினா போதும்' என்பது பழைய நினைவு.

ஒழுங்கு எங்கே கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டுமானால் காலையில் பத்து நிமிடம் கேட்டருகில் நில்லுங்கள். வழிபாட்டு மணி அடித்த பிறகு வரும் பையனிடம் யார் பேசுகிறார்கள், தாமதப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறதா, ஒரே பெயர் மூன்றாம் முறை வந்தால் அன்றைக்கே வீட்டுக்கு போன் போகிறதா? குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீட்டுப் பையன் தாமதமாக வருவதற்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு அம்மா அதிகாலையிலேயே கிளம்பிவிடும் வீட்டுப் பையன் தாமதமாக வருவதற்கும் காரணம் வேறு. போன் போட்டால்தான் அது தெரியும். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: முதல் வாரம் மேடமே கேட்டில் நிற்பார், இரண்டாம் வாரம் உடற்கல்வி ஆசிரியர் மட்டும், மூன்றாம் வாரம் யாரும் இல்லை. நான்காம் வாரம் 'டிசிப்ளின் போச்சு' என்ற பேச்சு வரும். வாரத்துக்கு இரண்டு பேர் என்று சுழற்சி போட்டு, எச்.எம். தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டால் நிலைக்கும்.

மேடம் கறாரா இருந்தா திமிருங்கறாங்க, சாஃப்டா இருந்தா கையாலாகாதவங்கங்கறாங்க. எப்படித்தான் இருக்கறது?

இந்த இக்கட்டு நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் இல்லை. தலைவர் என்றால் அதட்ட வேண்டும், பெண் என்றால் அனுசரிக்க வேண்டும் என்று இரண்டு எதிர்பார்ப்பு ஒரே ஆள்மேல் விழும்போது எதைச் செய்தாலும் ஒன்று குறைகிறது. தலைமைத்துவம் பற்றிய உளவியல் ஆய்வுகள் இதைப் பல பத்தாண்டுகளாகப் பேசுகின்றன.

நடைமுறையில் உதவுவது, ஆளுக்கு முன்னால் விதி வந்துவிட வேண்டும் என்பது. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே ஆசிரியர் கூட்டம் போட்டு நான்கைந்து விஷயங்களை மட்டும் முடிவு செய்யுங்கள்: வருகை நேரம், முன்னனுமதி விடுப்பு எப்படிக் கேட்பது, விடுப்பில் போனவருக்குப் பதில் வகுப்பு எப்படிப் பிரிப்பது, மாலைச் சிறப்பு வகுப்பு, பெற்றோர் புகார் வந்தால் யாரிடம் முதலில் போகும். கூட்டக் குறிப்பேட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இருபது தீர்மானம் போட்டால் எதுவும் நிற்காது. பிறகு ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்லும்போது 'நான் சொல்றேன்' என்பதற்குப் பதில் 'நாம எழுதினது' என்று சொல்ல முடியும். அந்தக் குறிப்பேடு ஒரு ஆண் எச்.எம்.முக்கு வசதி; பெண் எச்.எம்.முக்கு அவசியம்.

லேடீஸ் டீச்சருங்களே லேடி எச்.எம்.கிட்ட வேலை பாக்கப் புடிக்கலைங்கறாங்களே?

பெரும்பாலும் சண்டை விடுப்பில் தொடங்குகிறது. தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள், எல்லோருக்கும். ஆனால் டீச்சர் மனதில் 'அவங்களும் பிள்ளை பெத்தவங்கதானே, புரிஞ்சுக்குவாங்க' என்ற எதிர்பார்ப்பு இருக்கும். ஆண் எச்.எம். மறுத்தால் 'ரூல்ஸ்' என்று போய்விடுவார். மேடம் மறுத்தால் மனசு உடையும். அதே நேரம் மேடம் டீச்சர்களுக்கு இளகினால் ஆண் ஆசிரியர்கள், 'எல்லாம் அவங்க ஆளுங்களுக்குத்தான்' என்பார்கள்.

இதை அவிழ்ப்பது பேச்சு இல்லை, பதில் வகுப்புப் பதிவேடு. தேதி, வராதவர் பெயர், பாடவேளை, வகுப்பு, அனுப்பப்பட்டவர், கையொப்பம். கடைசிப் பத்தியில் அந்த மாதம் அவருக்கு இதுவரை எத்தனை என்ற கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகைப் பத்திதான் முக்கியம். பெரும்பாலான பள்ளிகளில் இல்லாததும் அதுதான். வாரம் 40 பாடவேளையில் 28 எடுப்பவருக்கு 12 ஓய்வு, 32 எடுப்பவருக்கு 8. ஓய்வுக்கு ஏற்ற விகிதத்தில் பிரியுங்கள். மாதக் கடைசியில் தாளை ஸ்டாஃப் ரூமில் ஒட்டிவிட்டால், 'எனக்கே எப்பவும்' என்று முணுமுணுத்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். உண்மையிலேயே அவருக்கே எப்போதும் போயிருந்தால் அதுவும் அங்கே தெரியும், திருத்தலாம்.

மகப்பேறு விடுப்பு தனிக்கதை. 2021 முதல் 12 மாதம். அத்தனை நாளும் அந்தப் பாடத்தைத் தினம் ஒருவர் தலையில் போட்டால் மொத்த எரிச்சலும் விடுப்பில் போன பெண்மேல் திரும்பும். முதல் நாளே கால அட்டவணையை மாற்றி, பாடத்தை இரண்டு பேருக்கு நிரந்தரமாகப் பிரித்துவிட வேண்டும்.

பத்தாவதுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் க்ளாஸ் நடக்குது, மேடம் மட்டும் நாலரைக்கே கிளம்பிடறாங்க. நியாயமா?

பிள்ளைகள் இருக்கும்வரை பொறுப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது நியாயம். தினமும் அது எச்.எம்.மாகவே இருக்க வேண்டும் என்பது இல்லை. உதவித் தலைமையாசிரியர், மூத்த ஆசிரியர்கள், எச்.எம். என்று கிழமை பிரித்து எழுதி ஒட்டுங்கள். தன் கிழமையில் மேடம் கடைசிப் பிள்ளை கேட்டைத் தாண்டும்வரை இருந்தால் பேச்சு நிற்கும். வாரத்தில் ஒரு நாள்கூட இருக்கவில்லை என்றால் பேச்சில் நியாயம் உண்டு. பெண் பிள்ளைகள் தனியாகப் போகும் கிராமப் பள்ளிகளில் வகுப்பு முடியும் நேரத்தைக் கடைசி டவுன் பஸ்ஸை வைத்து முடிவு செய்வதுதான் சரி. ஆறு மணி வரை நடத்திப் பெயர் வாங்கும் போட்டி இங்கே வேண்டாம்.

சீனியர் சார் ஒருத்தர் மேடம் சொன்னா காதுலயே போட்டுக்கறதில்ல. மெமோ குடுக்கலாமா?

கடைசியில் கொடுக்கலாம், முதலில் கூடாது. முதலில் தனியாக, அறைக் கதவு திறந்தபடி, ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துப் பேசுங்கள். அடுத்த முறை அதே வேலையைச் சுற்றறிக்கையில் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள்; அவருக்கென்று தனியாக வேண்டாம். அதற்குப் பிறகும் நடந்தால் விளக்கம் கேட்கும் குறிப்பாணை.

குறிப்பாணை தோற்பது அதன் வாசகத்தில். 'தாங்கள் தொடர்ந்து மரியாதையின்றி நடந்து வருகிறீர்கள்' என்று கோபத்தில் எழுதினால், 'எப்போது, எங்கே?' என்று அவர் ஒரே வரியில் மடக்கிவிடுவார். சங்கத்துக்காரர்களும் கூட வருவார்கள். 'இம்மாதம் 12ஆம் தேதி 3ஆம் பாடவேளையில் 10-ஆ பிரிவுக்குத் தாங்கள் 14 நிமிடம் தாமதமாகச் சென்றது தெரிய வருகிறது. இதற்கான விளக்கத்தை 3 நாள்களுக்குள் எழுத்து மூலம் அளிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மரியாதை என்ற சொல் அதில் இல்லை, கவனித்தீர்களா? நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகளோடு அதையே எழுதி வையுங்கள். 17(அ), 17(ஆ) என்ற ஒழுங்கு நடவடிக்கை விதிகளுக்குப் போவது மேலதிகாரிகளின் வேலை, எச்.எம். அந்த எண்களைச் சொல்லி மிரட்டினால் பலமில்லாதவர் என்று தெரிந்துவிடும்.

கணக்கு வழக்கு, கட்டட வேலையெல்லாம் ஒரு சார் பாத்துக்கட்டுமே, மேடத்துக்கு எதுக்கு அந்த அலைச்சல்?

அன்பாகச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் காசோலையிலும் ரசீதிலும் கையெழுத்து மேடத்துடையது, தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. 250க்கு மேல் 1,000 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் ஆண்டுக்கு ரூ.75,000. அதை என்ன வாங்கினோம், எந்தத் தீர்மானத்தின்படி, எந்த ரசீது என்று ரொக்கப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது வாரத்துக்கு அரை மணி நேர வேலை. பொருள் வாங்க, கொத்தனாரிடம் பேச யார் வேண்டுமானாலும் போகட்டும். பதிவேடு மட்டும் மேசையை விட்டுப் போகக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாக்கள் நிறைந்த குழு பெண் எச்.எம்.முக்குக் கிடைக்கும் நல்ல துணை. அவர்களிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காமல் கணக்கைப் படித்துக் காட்டினால்தான் அந்தத் துணை நிலைக்கும்.

மேடத்தோட ஊட்டுக்காரர் அடிக்கடி ஸ்கூலுக்கு வந்து ஆபீஸ்ல குந்திகினு கேள்வி கேக்கறார். சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவியின் கணவர் நாற்காலியில் உட்காரும் அதே வியாதி இது. கொண்டுவந்து விடட்டும், கூட்டிப் போகட்டும்; கேட்டோடு சரி. வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதோ ஆசிரியரிடம் வேலை சொல்வதோ நடந்தால் உதவித் தலைமையாசிரியர் மேடத்திடம் தனியாகச் சொல்வது முறை. பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் ஆசிரியர்கள் மேடத்தைப் பற்றி என்ன நினைத்தாலும் அதற்கு மேடமே காரணம்.

எங்க ஸ்கூல்ல மேடம் வெறும் இன்சார்ஜ்தான். அவங்க சொன்னா கேக்கணுமா?

கேட்க வேண்டும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்லும் பழைய கேலியில், எச்.எம். இல்லாத ஸ்கூலையும் சேர்த்துக்கொள்ளலாம். காலியிடம் நிரம்பும்வரை மூத்தவர் ஒருவர் பொறுப்பில் இருப்பார். வகுப்பு, விடுப்பு, பாதுகாப்பு ஆகிய அன்றாடம் முழுக்க அவர் கையில். பாடமும் எடுத்துக்கொண்டு அலுவலகமும் பார்ப்பவர் என்பதால் அவருடைய பாடவேளைகளை முதலில் குறையுங்கள். அதைச் செய்யாமல், 'ஆபீஸ்ல ஒரு வேலையும் நடக்கல' என்பது அநியாயம்.

மேடத்தைப் பத்தி வாட்சப்ல கண்டபடி போடறாங்க. விளையாட்டுதானே?

வேலையைப் பற்றிய விமர்சனம் வேறு. உடை, உடல், யாரோடு பேசுகிறார் என்று போனால் அது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த நிலைப் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், ஒருவர் வெளியாள். புகாரை 3 மாதத்துக்குள் தர வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் கொடுப்பவரே எச்.எம். என்றால் அவர் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கக் கூடாது. 10 பேருக்குக் குறைவான பள்ளி என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். வாட்சப் பதிவை ஸ்கிரீன்ஷாட்டாகத் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். பதிலுக்கு அதே வாட்சப் குழுவில் சண்டை போடாதீர்கள்.

மேடம் வந்ததுலேருந்து ரிசல்ட் எறங்கிடுச்சே?

2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, வேலூர் மாவட்டம் 82.07, மாநிலத்திலேயே கடைசி. ஆகவே இங்கே எந்த எச்.எம்.மும் ஆய்வுக் கூட்டத்துக்கு வயிற்றில் புளியோடுதான் போகிறார். பள்ளிக் கணக்கைப் பாருங்கள்: 40 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் 2.5 விழுக்காடு போகிறது. மூன்று பேர் என்றால் 7.5. அதை வைத்து ஆளை எடைபோட முடியாது. மூன்று வருஷத்தை அடுக்கி, பாடவாரியாக, ஆண் பெண் பிள்ளைகளைப் பிரித்து, நீண்ட நாள் வராதவர்களைத் தனியாக எழுதிப் பாருங்கள். கணக்குப் பாடத்தில் மட்டும் சரிந்திருந்தால் அந்தப் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்று கேளுங்கள். எல்லாப் பாடத்திலும், மூன்று வருஷமும் சரிந்திருந்தால் அப்போது எச்.எம்.மைக் கேட்கலாம், ஆணோ பெண்ணோ.

எம்.எட். ஆய்வுக்குப் 'பெண் தலைமை பற்றி ஆசிரியர் மனப்பான்மை' எடுத்திருக்கேன். கேள்வித்தாள் எப்படிப் போடறது?

'பெண்கள் நல்ல தலைவர்களா?' என்று கேட்டால் எல்லோரும் 'ஆம்' என்றுதான் குறிப்பார்கள், தாள் வீண். செயலைக் கேளுங்கள்: பதில் வகுப்பை நியாயமாகப் பிரிக்கிறாரா, புகார் வந்தால் இரு தரப்பையும் கேட்கிறாரா. ஐந்து புள்ளி அளவுகோலில் சரிபாதி கேள்விகளை எதிர்மறையாக அமையுங்கள். இன்னொரு நல்ல வழி: ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாக அச்சிட்டு, ஒன்றில் எச்.எம். ஆண், மற்றதில் பெண் என்று மட்டும் மாற்றி, கலந்து கொடுங்கள். பெண் எச்.எம்.மின் கீழ் வேலை பார்த்தவர், பார்க்காதவர் என்பதைக் கட்டாயம் பிரித்துக் கேளுங்கள். ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி மூன்றும் வேண்டும். தாளை எச்.எம். மூலம் வசூலித்தால் உண்மை வராது.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் பஞ்சாயத்துகளை வைத்து இப்படி ஒரு ஆய்வு நடந்து 2009இல் வெளியானது. ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்திராத ஊர் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைத்து மதிப்பெண் போட்டார்கள். பார்த்த ஊர்களில் அந்தக் குறைப்பு பெருமளவு மறைந்தது. ஆனால் 'எனக்கு ஆண் தலைவரே பிடிக்கும்' என்ற விருப்பம் மாறவில்லை. 'திறமை உண்டு' என்பதும் 'பிடிக்கும்' என்பதும் தனித்தனிக் கேள்வி. உங்கள் தாளிலும் பிரித்து வையுங்கள்.

மேடம் நெசமாவே சரியில்ல. சொன்னா ஆம்பள புத்திங்கறாங்க. அப்போ எப்படித்தான் சொல்றது?

சொல்லப்போகும் வாக்கியத்தில் 'மேடம்' இருக்கும் இடத்தில் முந்தைய சாரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'சார் ரொம்ப எமோஷனல்', 'சாருக்குக் குரலே எழும்பல' என்று சொல்லியிருப்பீர்களா? இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். 'இந்த மாதம் நான்கு நாள் தகவல் இல்லாமல் பதினொரு மணிக்கு வந்தார்', 'ஆய்வகப் பொருள் வாங்கிய ரசீது குழுக் கூட்டத்தில் வைக்கப்படவில்லை' என்றால் பெயரை மாற்றினாலும் வாக்கியம் நிற்கும். அதைத் தேதியோடு எழுதி முதலில் அவரிடமே கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் பெயர் போட்டு, கையெழுத்திட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்கு. மொட்டைக் கடிதம் வேண்டாம். அதைப் படிப்பவர்கள் முதலில் தேடுவது எழுதியவர் யார் என்பதைத்தான்.